துத்தநாகமும் கரித்தண்டும்

(அந்தமானின் லாங் ஐலண்டில் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு பழைய பேட்டரிக் கட்டையை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். எராட்டாவிலிருந்து இருட்டும் நேரத்தில் போட்டில் வந்து இறங்குகிறவர்கள் கையில் டார்ச் இருக்குமே, அதில் போடும் சாதாரணக் கட்டைதான். வெளியே தகர உறை. அதைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் ஒரு குவளை. அது துத்தநாகம். குவளைக்குள் கறுப்பு மாவு. நடுவில் பென்சில் பருமனில் ஒரு தண்டு. அது கரி. தீர்ந்துபோன கட்டையை உடைத்து அந்தத் தண்டால் சுவரில் கிறுக்காத பிள்ளைகள் ஒரு காலத்தில் கிடையாது.

துத்தநாகம் உலோகம், கரி அலோகம். அமிலத்தோடு சேரும்போது இந்த இரண்டு வகையும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே இன்றைய பேச்சு. இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் வைத்து விற்கிறார்கள் என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்த இரண்டு சோதனைக் குழாய்களிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கழிப்பறை கழுவ வாங்குகிற ஆசிட்டில் இருப்பதும் இதேதான். இங்கே நிறையத் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறேன். முதல் குழாயில் துத்தநாகத் துண்டைப் போடுகிறேன். பாருங்கள், துண்டின் மேலெல்லாம் குமிழ் கட்டுகிறது. நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குழாயைத் தொட்டால் சூடு தெரியும். வாயில் கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் மூடிவிட்டு, எரியும் தீக்குச்சியைக் காட்டுகிறேன். 'டப்' என்று கேட்டதல்லவா? அது ஹைட்ரஜன்.

இரண்டாவது குழாயில் கரித்தண்டு. இரண்டொரு குமிழ் கிளம்பியது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கரியின் நுண்துளைகளில் அடைந்திருந்த காற்று அது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நாளைக் காலை வரை விட்டு வைத்தாலும் அந்தத் தண்டு அப்படியேதான் கிடக்கும்.

பாடநூல் இதை ஒரே வரியில் சொல்லிவிடும். உலோகங்கள் அமிலத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், அலோகங்கள் வினைபுரியா. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரியின் முதற்பாதி செம்பிடம் உடைகிறது. இரண்டாம் பாதி நைட்ரிக் அமிலத்திடம் உடைகிறது. உடையும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால் அந்த இரண்டு இடங்களுக்கும் உங்களை அழைத்துப் போகிறேன்.

முதலில் செம்பு. மூன்றாவது குழாயிலும் அதே அமிலம்தான். சுரண்டிப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பியை விடுகிறேன். ஒரு குமிழ்கூட இல்லை. இப்போது அதே குழாயில் ஒரு துத்தநாகத் துண்டையும் போடுகிறேன். துத்தநாகம் நுரைக்கிறது, செம்பு சும்மா இருக்கிறது. இனிக் கம்பியைச் சாய்த்துத் துத்தநாகத்தின் மேல் தொட வைக்கிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து பாருங்கள். செம்புக் கம்பியின் மேல் குமிழ் கட்டுகிறது! கம்பியைத் தூக்கினால் நின்றுவிடுகிறது. தொட வைத்தால் மறுபடி வருகிறது.

செம்பு கரையவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்து நிறுத்தாலும் அதன் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கரைவது துத்தநாகம் மட்டும்தான். பிறகு குமிழ் ஏன் செம்பின் மேல் வருகிறது? துத்தநாகம் விட்டுக்கொடுக்கும் எலக்ட்ரான்கள் செம்புக்குள் ஓடி, செம்பின் மேற்பரப்பில் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளுக்குப் போய்ச் சேருகின்றன. எலக்ட்ரானைப் பெற்ற ஹைட்ரஜன் வாயுவாகிக் கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானின் நடையை ஒரு செம்புக் கம்பியை வைத்துக் கண்ணால் பார்த்துவிட்டோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யக்கூடிய எளிய சோதனைகளில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறில்லை.

அமிலம் என்று நாம் சொல்வது எலக்ட்ரானைக் கேட்டு நிற்கும் ஹைட்ரஜன் அயனிகள் நிறைந்த நீர். உலோகம் என்பது எலக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புடைய பொருள். எல்லா உலோகங்களும் ஒரே மாதிரிக் கொடுத்துவிடுவதில்லை, அதில் ஒரு வரிசை உண்டு. மெக்னீசியம் தாராளமாகக் கொடுக்கும். அடுத்து அலுமினியம், துத்தநாகம், இரும்பு. வெள்ளீயமும் காரீயமும் தயங்கித் தயங்கிக் கொடுக்கும். அதற்குக் கீழே ஹைட்ரஜனின் இடம். அதற்கும் கீழே செம்பு, வெள்ளி, தங்கம். ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பவை ஹைட்ரஜன் அயனிக்கு எலக்ட்ரானைத் தருவதில்லை. அலோகமான கரியும் கந்தகமும் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கின்றன. அவை எலக்ட்ரானைக் கொடுப்பதைவிட வாங்குவதில் நாட்டமுள்ளவை. கேட்டு நிற்கும் ஒருவரிடம் கேட்கும் இன்னொருவர் போய் நின்றால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. கரித்தண்டு சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம்.

1766-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அமிலங்களில் கரைத்து, வந்த வாயுவை அளந்தார். குறிப்பிட்ட எடைத் துத்தநாகத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தாலும் ஒரே அளவு வாயு வந்தது. எனவே அந்த வாயு உலோகத்துக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அவர் முடிவு கட்டினார். முடிவு தவறு, அளவு சரி. வாயு அமிலத்திலிருந்து வருகிறது. ஆனால் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது உலோகம் எத்தனை எலக்ட்ரான் தருகிறது என்பதே. ஒரு கிராம் துத்தநாகம் நம் தீவின் வெப்பத்தில் சுமார் 380 மில்லிலிட்டர் ஹைட்ரஜனைத் தரும். அமிலம் போதுமான அளவு இருந்தால் சரி, இந்த இரண்டில் எந்த அமிலம் என்பது பொருட்டல்ல. எலக்ட்ரான் என்ற பேச்சே இல்லாத காலத்தில் அவர் அளந்து வைத்த எண் இன்றும் நிற்கிறது. அளவை இவ்வளவு நேர்மையாக எடுத்த மனிதரை நான் மதிக்கிறேன்.

இனி நம் வீட்டுக்கும் கரைக்கும் வருவோம்.

லாங் ஐலண்ட் மரத்தொழிலால் வளர்ந்த ஊர். மரம் அறுத்தவர்களும் தோணி கட்டியவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். பழைய பலகையில் ஆணி இறங்கிய இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மரம் இற்றுப்போய், ஆணி கையோடு வந்துவிடும். பல மரங்களின் ஈரத்தில் அசெட்டிக் அமிலம் போன்ற மெல்லிய அமிலங்கள் உண்டு, துவர்ப்புப் பொருளும் உண்டு. அமிலம் இரும்பை மெல்லக் கரைக்கிறது. கரைந்த இரும்பு துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. அந்தக் காலத்து எழுதும் மையும் இப்படிச் செய்ததுதான். ஆணிக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தால், வரிசையில் இரும்புக்கு மேலே இருக்கும் துத்தநாகம் தன் எலக்ட்ரானை முதலில் கொடுத்து இரும்பைக் காக்கும். பூச்சு தீர்ந்த அன்று இரும்பின் முறை வரும்.

உப்புக் காற்று அடிக்கும் நம் தகரக் கூரைகளில் நடப்பதும் இதே வரிசைப்படிதான். கடல்நீர் அமிலம் அல்ல. ஆனாலும் யார் முதலில் எலக்ட்ரானைக் கொடுப்பது என்ற வரிசை அங்கேயும் பெரும்பாலும் மாறுவதில்லை. கப்பலின் அடியிலும் சுக்கான் பக்கத்திலும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதனால்தான். இந்த வழியை முதலில் முயன்று பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. 1824-இல், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகமும் இரும்பும் பொருத்தச் சொன்னார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் கரையும் செம்புதான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. செம்பு கரையாமல் போனதும் கப்பலடி முழுக்க உயிரினங்கள் ஒட்டிக்கொண்டு வேகம் குறைந்தது. வேதியியலில் வென்று கடலில் தோற்ற முயற்சி அது. ஆனால் எஃகுக் கப்பல்கள் வந்த பிறகு அதே யோசனை உலகமெங்கும் நிலைத்தது.

சமையலறைக்கு வாருங்கள், தாய்மார்களே. இது உங்கள் துறை. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கும் செம்பைப் புளி நேரடியாகக் கரைப்பதில்லை. மேலே படிந்த ஆக்சைடையும் களிம்பையும் கரைத்து எடுக்கிறது. ஆனால் அதே புளிக்குழம்பை அந்தப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைத்தால் கதை வேறு. காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்பை ஆக்சைடாக்கித் தர, புளி அதைக் கரைக்க, மறுபடி ஆக்சைடு, மறுபடி கரைசல். காலையில் குழம்பில் செம்பு ஏறியிருக்கும், வயிற்றைப் புரட்டும். நம் பாட்டிமார் உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கவில்லை. வரிசை அட்டவணை தெரியாமலே அவர்கள் கண்ட நடைமுறை அது.

ஈயச்சொம்பு ரசத்தைச் சொல்லாமல் இதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கதை முடிந்தது. ரசம் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது, சொம்பு தப்பிக்கும். வெள்ளீயம் வரிசையில் ஹைட்ரஜனுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்பதால் புளிக்கும் எலுமிச்சைக்கும் மிக மெதுவாகவே இடம் கொடுக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அதில் காரீயம் கலந்திருக்கக் கூடாது. காரீயம் உடம்புக்கு நஞ்சு, குழந்தைகளின் மூளையை முதலில் தாக்கும். நம்பகமான இடத்தில், பரிசோதித்ததாகச் சொல்லித் தருகிற சொம்பை மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று. கல்யாண வீட்டில் எலுமிச்சை ஜூஸ் கலக்கும்போது துத்தநாகம் பூசிய வாளியிலோ டிரம்மிலோ கலக்காதீர்கள். மோரையும் ஊற்றி வைக்காதீர்கள். துத்தநாகம் அமிலத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கரைகிறது என்று சற்றுமுன் பார்த்தீர்கள். எலுமிச்சையில் அது மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். குடித்தவர்களுக்கு வாந்தி வரும். எவர்சில்வரோ, உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக்கோ போதும்.

அலுமினியத்துக்கு ஒரு தனிக்குணம். வரிசையில் துத்தநாகத்துக்கும் மேலே இருக்கும் அது அமிலத்தில் பொங்கிக் கரைய வேண்டும். ஆனால் அதன்மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று கவசம்போல் ஒட்டியிருக்கிறது. அடர் நைட்ரிக் அமிலத்தையே அலுமினியத் தொட்டிகளில் ஏற்றிச் செல்கிறார்கள் என்றால் அந்தப் படலத்தின் பலத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் படலத்தை நம்பும் தொழில்களில் ஒன்று ரப்பர். நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டம் போடப்பட்டது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறி உழைத்தன.  ரப்பர் தொழிலில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தை நீரில் கலந்து ஊற்றுவார்கள். பெரும்பாலும் அலுமினியத் தட்டுகளில்தான் உறைய விடுவார்கள். செம்போ பித்தளையோ அந்தப் பக்கம் வரக்கூடாது. துளி செம்பு ரப்பரில் ஏறினாலும் அது சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். எந்த உலோகத்தை எந்த அமிலத்தோடு சேர்க்கலாம் என்ற அறிவில் அந்தக் குடும்பங்களின் கூலியே தொங்கியது.

காரீயத்தை நாம் தினமும் பார்க்கிறோம், இன்வெர்ட்டர் பேட்டரியில். உள்ளே இருப்பது கந்தக அமிலம், எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வரிசைப்படி பார்த்தால் காரீயம் கரைய வேண்டும். முதலில் சற்றே கரையும், உடனே காரீய சல்பேட்டாக மாறி மேலே படியும். அந்தப் படிவம் நீரில் கரையாது, எனவே மேற்கொண்டு அரிப்பும் நடக்காது. 1746-இல் பிர்மிங்காமில் ஜான் ரோபக் கண்ணாடிக் குடுவைகளை விட்டுவிட்டுக் காரீய அறைகளில் கந்தக அமிலம் தயாரிக்கத் தொடங்கியதும், 1859-இல் காஸ்டன் பிளாண்டே காரீய பேட்டரியைச் செய்ததும் இந்தப் படிவத்தின் தயவால்தான்.

இப்போது இரண்டாவது இடம். அலோகம் அமிலத்திடம் எப்போதும் சும்மா கிடக்குமா?

நைட்ரிக் அமிலத்தில் எலக்ட்ரானைக் கேட்பது ஹைட்ரஜன் மட்டுமல்ல. அதைவிடப் பலமாகக் கேட்கும் ஒன்று அங்கே இருக்கிறது, அது நைட்ரேட். ஹைட்ரஜன் அயனிக்கு எதுவும் தராத செம்பும் வெள்ளியும் அதனிடம் கொடுத்துவிடுகின்றன. ஆகவே செம்பு நைட்ரிக் அமிலத்தில் கரையும். வருவது ஹைட்ரஜன் அல்ல, நச்சுத்தன்மையுள்ள பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு. நகை ஆசாரிகள் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிப்பது இந்த வேறுபாட்டால்தான். வெள்ளி கரைந்து போகும், தங்கம் அடியில் நிற்கும். ஒரு பங்கு நைட்ரிக்குக்கு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் சேர்த்த ராஜதிராவகத்தில் தங்கமும் கரையும்.

அதே நைட்ரிக் அமிலத்தை அடர்த்தியாக எடுத்துச் சூடாக்கினால் அலோகங்களும் அசையும். கந்தகம் கந்தக அமிலமாகும். பாஸ்பரஸ் பாஸ்பாரிக் அமிலமாகும். கரி கார்பன் டை ஆக்சைடாகும். உலோகத்தை அமிலத்தில் போட்டால் உப்பு கிடைக்கிறது. அலோகத்தை இப்படிப் போட்டால் இன்னொரு அமிலமே, அல்லது அமிலம் தரும் ஆக்சைடே கிடைக்கிறது. உலோகத்துக்கும் அலோகத்துக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பாடநூலின் அந்த ஒற்றை வரியில் இதற்கு இடமில்லை.

இன்னும் ஒன்று உண்டு. அமிலத்துக்கு இரண்டு பாகங்கள்: ஹைட்ரஜன் ஒன்று, மிச்சம் ஒன்று. உலோகம் ஹைட்ரஜனைத் துரத்தும். வலுவான அலோகம் மற்றப் பாதியைத் துரத்தும். ஹைட்ரோபுரோமிக் அமிலத்தில் குளோரினைச் செலுத்தினால் ஹைட்ரஜன் வராது, செம்பழுப்பு நிறத்தில் புரோமின் வெளியே வரும். நம்மைச் சுற்றியிருக்கும் கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. கடல்நீரைச் சற்று அமிலமாக்கி, குளோரினைச் செலுத்தி அதைப் பிரித்தெடுக்கும் தொழில்முறை உலகில் உண்டு. 1826-இல் அந்துவான் பலார் பிரான்சின் உப்பளக் கழிவுநீரிலிருந்து புரோமினைக் கண்டுபிடித்ததும் குளோரின் செய்த இந்த வேலையால்தான்.

அலோகம் அமிலத்தைப் பிறப்பிப்பதைப் பார்க்க நாம் தொலைவு போக வேண்டியதில்லை. இங்கிருந்து நேர்கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் பாரன் தீவு இருக்கிறது. 1832-க்குப் பிறகு அடங்கியிருந்த அந்த எரிமலை 1991-இல் மறுபடி வெடித்தது, அதற்குப் பிறகும் பலமுறை கக்கியிருக்கிறது. அதன் புகையில் கந்தக டை ஆக்சைடு உண்டு. மஞ்சள் கந்தகப் பொடியை இந்த மேசையிலுள்ள அமிலத்தில் போட்டால் மிதந்தும் அமிழ்ந்தும் சும்மா கிடக்கும். அதே கந்தகம் எரிந்து காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். தெற்கே பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைக் குடைந்ததும் ஓர் அலோகத்தின் வேலைதான். கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மண்ணில் இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற தீவுகளில் அது கல்லைத் தின்னக் காலம் மட்டுமே வேண்டும்.

நேரமாகிறது. வீட்டுக்குப் போனதும் நீங்கள் செய்ய வேண்டிய சில வேலைகளைச் சொல்லிவிடுகிறேன்.

பயன்படுத்தாத டார்ச்சில் கட்டையை விட்டு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மாவு அமிலத்தன்மை கொண்டது. துத்தநாகக் குவளையை அது அரித்து ஓட்டை போடும், கசிந்து டார்ச்சைக் கெடுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். சோதனைக் குழாயில் கேட்ட சத்தத்தை மூடிய அறையின் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். அந்த அறையின் சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். பேட்டரியில் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அடர் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றலாம், அடர் அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

மிக முக்கியமானது கடைசியாக. கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் எல்லா வீடுகளிலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் கறை நன்றாகப் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அதுவும் அலோகம்தான், 1915-இல் ஈப்ரெஸ் போர்க்களத்தில் ஆயுதமாக ஏவப்பட்ட அலோகம். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். மூடிய குளியலறையில் தரையோடு தங்கும், குனிந்து தேய்க்கிறவர் மூச்சில் நேராக ஏறும். மூக்கு எரிந்தால், இருமல் வந்தால், வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். கலந்ததைக் கொட்டி முடிக்கலாம் என்று உள்ளே திரும்பிப் போகாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். தீவில் மேல்சிகிச்சைக்குப் படகு பிடித்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.